பாட்டிலுக்குள் ஒரு பாலைவனம்

அரசின் வரைபடத்தில் அது தரிசு நிலம். ஜோத்பூரில் வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகள் வேறு கணக்குச் சொல்கின்றன. தார் பாலைவனத்தில் ஓணான், பாம்பு, தேரைகளின் தடம் தேடி ஒரு பயணம்.

ஜோத்பூரிலிருந்து பாலி செல்லும் சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் பாலைவன மையம் இருக்கிறது. கோட்டையும் நீல வீடுகளும் பார்க்க வரும் கூட்டம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. உள்ளே அலமாரிகளில் ஜாடிகள். ஒவ்வொன்றிலும் மஞ்சளேறிய திரவம், அதில் தலைகீழாக ஒரு பாம்போ பல்லியோ. நம்மூரில் இரட்டைத் தலை என்று சொல்லி ஏமாளிகளிடம் விற்கும் மண்ணுளிப் பாம்பு ஒரு ஜாடியில். பாலை உடும்பு இன்னொன்றில். நிறம் போய், கண் வெளுத்து, எல்லாமே ஒரே சாம்பல் வண்ணத்தில் இருக்கின்றன. முதல் பார்வைக்கு அழகான காட்சி என்று சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியது பிராணியை அல்ல, சீட்டை. காலிலோ கழுத்திலோ நூலால் கட்டிய சிறு சீட்டு. எந்த ஊர், எந்தத் தேதி, யார் பிடித்தது. மூன்றே விவரம். அந்தச் சீட்டு அறுந்து விழுந்துவிட்டால் ஜாடியில் இருப்பது வெறும் செத்த பல்லி. சீட்டு இருக்கும்வரை அது சாட்சி: இந்த நாளில், இந்த இடத்தில், இந்த உயிர் வாழ்ந்தது.

இப்படிப்பட்ட சீட்டுகளில் வருகிற ஊர்ப் பெயர்களில் ஒன்று லோங்கேவாலா. பெயரைக் கேட்டதும் டாங்குகள் நினைவுக்கு வரும். 1971 டிசம்பரில் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் சுமார் 120 வீரர்கள், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில், பாகிஸ்தானின் டாங்குப் படையை விடியும்வரை தடுத்து நிறுத்திய இடம். 1997இல் வந்த 'பார்டர்' என்ற ஹிந்திப் படம் அந்த இரவை நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது. விலங்கியல்காரர்களுக்கு லோங்கேவாலா என்றால் வேறொரு ஞாபகம். அங்கே கிடைத்த ஒரு சின்ன ஓணானை 1978இல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்.சி. சர்மா அறிவியலுக்குப் புதிது என்று அறிவித்தார். ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார். தேரையைப் போல மழுங்கிய தலை. அதனால் தேரைத்தலை ஓணான்.

கதை அதோடு முடியவில்லை. மத்திய ஆசியப் பாலைவனங்களில் வாழும் ஓணான் வகைகளோடு சர்மா அதைச் சேர்த்திருந்தார். 1992இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி நிக்கோலஸ் ஆர்னால்ட் அதை மறுபடி ஆராய்ந்து, இது அந்தக் குடும்பத்தோடு ஒட்டாது, தனிப் பேரினம் என்றார். அந்தப் பேரினத்தில் இந்த ஒரே ஓர் இனம்தான். அதன் உலகம் ஜெய்சல்மேர் பக்கத்து மணல் மேடுகளும் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள சிந்து மணலும்தான். வங்கப் புலிக்குக்கூட உறவினர் உண்டு. இதற்கு அந்த அளவில் நெருங்கிய சொந்தம் யாரும் இல்லை.

"லோங்கேவாலாவுக்குப் போகலாம்" என்று ஜெய்சல்மேரில் அமர்த்திய ஜீப்காரரிடம் சொன்னதும் மகிழ்ந்தார். போர் நினைவிடம், டாங்குகள், தனோத் மாதா கோயில் எல்லாம் அவருக்குப் பழகிய வழி. ஓணான் பார்க்க என்று சொன்னதும் முகம் மாறியது. "ரோட்டை விட்டு இறங்கினால் அங்கே ஒன்றுமில்லை சாப். வெறும் மணல்."

பாலைவனத்தைப் பற்றி வெளியார் சொல்வதும் இதுதான். பாலைவனத்தில் பிறந்தவரும் அதையே சொன்னது ஆச்சரியம். அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நாட்டின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் பாலை மணல் என்பதே தரிசின் ஒரு வகையாகத்தான் இடம்பெற்றிருக்கிறது. 38,401 சதுர கி.மீ. பரப்புள்ள ஜெய்சல்மேர் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோ மீட்டருக்கு 17 பேர். மனிதன் இல்லாத இடம் காலி இடம் என்பது நமது கணக்கு.

இந்தக் கணக்கை முதலில் சந்தேகித்தவர்கள் வெள்ளைக்கார ஆட்சியில் நிலவியல் வேலைக்கு வந்தவர்கள். பாறையைத் தட்டிப் பார்க்க வந்தார்கள்; காலடியில் ஓடியதையும் பிடித்துச் சாராயத்தில் போட்டார்கள். மொராவியாவில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அவர்களில் ஒருவர். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை. பாலையின் தென்கோடியான கட்ச் பகுதியில் அலைந்து அங்குள்ள ஊர்வனவற்றைப் பற்றி 1872இல் எழுதினார். ஒரு சிறு பல்லி இன்றும் கட்ச் பெயரையே தாங்கி நிற்கிறது. அடுத்த ஆண்டு யார்க்கண்டுக்குப் புறப்பட்ட அரசுத் தூதுக்குழுவோடு அவரும் போனார். திரும்பும் வழியில், 1874 ஜூனில், காரகோரம் மலையில் மூச்சு முட்டி இறந்தார். வயது 36. லேயில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்தப் பயணத்தில் அவர் சேர்த்த ஓணான்களையும் பாம்புகளையும் வகைப்படுத்தி நூலாக்கியவர் நண்பர் வில்லியம் பிளான்ஃபோர்ட். சீட்டுகள் இருந்ததால் அது முடிந்தது. பிடித்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் சீட்டு பேசியது.

1916இல் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் பிறந்தது. 1960இல் ஜோத்பூர் மையம். அதன்பின் ஆண்டுதோறும் ஜீப்புகள் மணலுக்குள் போய்வந்தன. அந்தப் பயணங்களின் சேமிப்புதான் ஜாடி வரிசை.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் 285 கி.மீ. செப்டம்பர் மாதக் கடைசி. மழைக்காலம் முடிந்து காற்றில் இன்னும் ஒரு துளி ஈரம் மிச்சம் இருந்த நேரம். இருந்தும் பொக்ரானைத் தாண்டும்போது ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. வடக்கே உள்ள பலோதியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. நாட்டில் பதிவான உச்சம் அது.

சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பாலைவனம் என்றால் மணல் மேடு. வழியெல்லாம் கண்ணில் பட்டதோ வேறு. சரளைக் கல் பரந்த சமவெளி, கெட்டியான மஞ்சள் தரை, பாறைக் குன்று, புதர்க்காடு. மணல் மேடு எப்போதாவதுதான். மனிதனுக்கு எல்லாம் ஒன்று, ஓணானுக்கு அப்படியல்ல. தரை மாறினால் குடியிருப்பவரும் மாறுவார். பாறையில் இருப்பது மணலுக்கு வராது. மணலில் இருப்பது சரளையில் பிழைக்காது.

சரளைத் தரையின் சொந்தக்காரரை ஜெய்சல்மேருக்கு மேற்கே, பாலைவன தேசியப் பூங்காவின் ஓரத்தில் பார்த்தோம். 1980இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்கா 3,162 சதுர கி.மீ. பரப்புள்ளது. கான மயிலுக்காகப் பேர் பெற்றது. எங்களோடு வந்த வனத் துறை ஊழியர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி விரலை நீட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கல் தலையைத் தூக்கியது.

சாண்டா. முள்வால் ஓணான். தடித்த உடல், முள் வளையங்கள் அடுக்கிய வால், தாத்தா முகம். வளர்ந்த பிறகு அநேகமாகச் சைவம்; புல்லும் இலையும் பூவும்தான் சாப்பாடு. நம் நாட்டில் இப்படி இலை தின்று வாழும் ஓணான் இது ஒன்றுதான். தானே தோண்டிய வளையில் குடியிருக்கும். உள்ளே போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். குளிர்காலம் முழுவதும் அடைத்த கதவுதான். அதுவரை தாங்குவதற்கு வால் அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும்.

அந்தக் கொழுப்புதான் அதற்கு எமன். வட இந்திய நகரங்களின் நடைபாதைகளில் சாண்டா எண்ணெய் விற்பவர்களைப் பார்க்கலாம். மூட்டு வலி முதல் ஆண்மைக் குறைவு வரை எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து என்பார்கள். சிறு அடுப்பில் கொழுப்பு உருகும். பக்கத்திலேயே உயிரோடு நாலைந்து ஓணான்கள், ஓடாதபடி முதுகெலும்பு முறிக்கப்பட்டு. எண்ணெயில் இருப்பது சாதாரணக் கொழுப்பு. வலியைப் போக்கும் விசேஷம் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். "வளை வாசலில் புது மண் இருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். எனக்குத் தெரிவது அவனுக்கும் தெரியும்" என்றார் ஊழியர். ஒளிந்துகொள்ளப் போடும் தாழ்ப்பாளே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

ஜெய்சல்மேரிலிருந்து 40 கி.மீ. தள்ளி சம். சுற்றுலாக்காரர்களின் மணல் மேடு. மாலையில் ஒட்டகம், ஜீப் சவாரி, கூடாரத்தில் கல்பேலியா நடனம். நாங்கள் விடிவதற்கு முன் போனோம். முந்தைய நாள் கூட்டத்தின் டயர்த் தடம் மேட்டின் இந்தப் பக்கத்தை உழுது போட்டிருந்தது. கண்ணாடிச் சில்லும் சிப்ஸ் உறையும் கிடந்தன. மேட்டைச் சுற்றி ஒரு கி.மீ. நடந்து அந்தப் பக்கம் இறங்கினால், மணல் சலவை செய்து விரித்த வேட்டி மாதிரி இருந்தது. அதில் இரவு எழுதிய கணக்கு.

பாலைவனத்தில் பிராணி தேடுபவர்கள் பிராணியைத் தேடுவதில்லை, தடத்தைத் தேடுகிறார்கள். வெயில் ஏறிக் காற்று வீசத் தொடங்கினால் எழுத்து அழிந்துவிடும். அதற்குள் படித்தாக வேண்டும். புள்ளி புள்ளியாகப் போவது வண்டு. இரட்டை வரிசைக் குழிகளுக்கு நடுவே கோடு இழுத்திருந்தால் வால் உள்ள ஓணான். ஒன்றோடொன்று தொடாமல் சாய்வாகக் கிடக்கும் கோடுகள் சுருட்டை விரியன்; மணல் சரியும் என்பதால் அது பக்கவாட்டில் உடலைத் தூக்கித் தூக்கிப் போட்டு நகரும்.

ஒரு தடம் மட்டும் புரியவில்லை. நெளிநெளியாக, யாரோ விரலால் கோலம் இழுத்தது போல. பக்கத்தில் கால் தடமே இல்லை. ஊழியர் அதன் நுனியில் இரு கைகளையும் குவித்து மணலை அள்ளினார். மணல் விரலிடுக்கில் ஒழுகி முடிந்தபோது உள்ளங்கையில் பளபளவென்று ஓர் அரணை மிஞ்சியது. கூரிய மூக்கு, இத்தனூண்டு கால்கள். மணலுக்கு மேலே அது நடப்பதில்லை. மணலுக்கு அடியில் நீந்துகிறது. பழைய யுனானி வைத்தியத்தில் இத்தகைய அரணைகளுக்கு 'ரேக் மாஹி' என்று பெயர். பாரசீகத்தில் மணல் மீன் என்று பொருள். கீழே விட்டதும் மீன் மாதிரியே முழுகிப் போனது. நீந்துவதற்கு மணல் நீர் போல நெகிழ்ந்து இருக்க வேண்டும். வேர் ஓடிக் கெட்டிப்பட்ட மணலில் அதனால் நீந்த முடியாது.

அன்று இரவு தங்கியது ஒரு டாணியில். நாலைந்து வட்டக் குடிசைகள் சேர்ந்த சிறு குடியிருப்பு. வீட்டுப் பெரியவர் ஆடு மேய்ப்பவர். பாஜ்ரா ரொட்டியும் மோர்க் குழம்பும் சாப்பிட்டபின், பேச்சு தானாகப் பாம்புக்கு வந்தது. தரையில் பாய் விரிக்கப் போன என்னைத் தடுத்து, கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். "கீழே படுக்கக் கூடாது மகனே. பீவ்ணா வரும்."

ராஜஸ்தானத்துப் பாலையில் பீவ்ணாவைத் தெரியாதவர் இல்லை. பீனா என்றால் குடிப்பது. தூங்குகிறவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து, மூக்கருகே வாய் வைத்து மூச்சைக் குடித்துவிடும் பாம்பு. கடிக்காது. விடிந்து பார்த்தால் உடம்பில் காயம் இருக்காது. ஆள் மட்டும் இருக்க மாட்டான். பெரியவரின் தம்பி அப்படித்தான் போனார். மழைக்காலத்து இரவு. வயிறு வலிக்கிறது என்று எழுந்தார். கண் இமை தானாக மூடியது. பேச்சு குழறியது. பக்கத்து ஊர் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. "எங்கேயும் பல் பட்ட அடையாளம் இல்லை. நான்தான் பார்த்தேன்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. பாம்பு மூச்சைக் குடிப்பதில்லை, கடிக்கிறது. சிந்துக் கட்டு விரியன். இருட்டில் இரை தேடி வருவது, தரையில் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது கடித்துவிடும். பற்கள் நுண்ணியவை. வலி இல்லை, வீக்கம் இல்லை, பல சமயம் தழும்பும் கண்ணுக்குத் தெரிவதில்லை. நஞ்சு நரம்பைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. முதலில் இமை, பிறகு நாக்கு, கடைசியில் மூச்சு விடும் தசை. மூச்சைக் குடித்துவிட்டது என்பதைவிடச் சரியாக அதை எப்படிச் சொல்வது?

இந்த இடத்தில்தான் ஜோத்பூர் ஜாடிகளின் சீட்டு உயிர் காக்கும் விஷயமாகிறது. அந்தக் கதையின் மறு நுனி நம்மூரில் இருக்கிறது.

இந்தியாவில் பாம்புக் கடிக்கு ஒரே மருந்துதான். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் நஞ்சு முறிவு மருந்து. அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம். லோங்கேவாலா ஓணான் பெயர் பெற்ற அதே ஆண்டு. பாம்புத் தோலுக்காகப் பிடித்துக்கொண்டிருந்த இருளர்களின் கைத்திறன் அதன்பின் உயிர் காக்கும் தொழிலானது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இருளர்கள் பிடிப்பது தமிழகத்து வயல்வரப்புப் பாம்புகளை. அங்குள்ள சுருட்டை விரியன் ஒரு முழம் வந்தால் அதிகம். தார் மணலில் ஊர்வது அதைவிடப் பெரியது. 1969லேயே அதைத் தனித் துணையினம் என்று பிரித்துப் பெயரிட்டார்கள். சிந்துக் கட்டு விரியனை பௌலெஞ்சர் தனி இனமாக விவரித்தது 1897இல். அதாவது, பாலையின் பாம்புகள் வேறு என்பதைப் பாட்டிலில் போட்டவர்கள் வெகு காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2007இல் பிகானீர் மருத்துவர்கள், பாலைச் சுருட்டை விரியனின் கடி எவ்வளவு கடுமையானது என்பதையும், கிடைக்கும் மருந்து அதற்குச் சரியாக வேலை செய்யவில்லை என்பதையும் எழுதினார்கள். 2019இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கார்த்திக் சுனகரும் குழுவினரும் சோதனைச் சாலையில் இதை உறுதி செய்தார்கள். சிந்துக் கட்டு விரியனின் நஞ்சு மிகக் கடுமையானது. சந்தையில் உள்ள மருந்துகள் அதற்கு ஈடு கொடுக்கவில்லை.

மருந்து வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இன்று இருப்பது அது ஒன்றுதான். கடித்தால் மந்திரம், கீறல் என்று நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் வழி. ஆனால் செங்கல்பட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து ஜெய்சல்மேர் ஆட்டிடையனை முழுதாகக் காப்பாற்றாது என்றால், அங்கங்கே உள்ள பாம்பைக் கொண்டு மருந்து செய்ய வேண்டும். அதற்கு முதலில், அங்கே எந்தப் பாம்பு இருக்கிறது என்பதை யாராவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றுமில்லாத இடம் என்று நினைத்திருந்தால் யாரும் போயிருக்க மாட்டார்கள்.

பெரியவருக்கு இதை ஜீப்காரர் மூலம் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். "அப்படியானால் பீவ்ணா கடிக்கிறதா?" என்றார். கடிக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, கேஜ்ரி மரத்தடியில் உள்ள கோகாஜி கல்லை நோக்கிக் கும்பிட்டுவிட்டுக் குழந்தைகளின் கட்டிலையும் ஒருமுறை தடவிப் பார்த்தார். பாம்புத் தெய்வம் கோகாஜியை இங்கே ஹிந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே வணங்குகிறார்கள்.

படுக்கப் போகுமுன் லாந்தர் வெளிச்சத்தில் ஏதோ தத்தியது. தேரை. ஆண்டு மழை 20 செ.மீ.யைத் தொடாத ஊரில், தோல் ஈரமாக இருந்தால்தான் உயிர் வாழும் பிராணி. பெரியவர் சிரித்தார். முதல் மழை இரவில் வந்து பார்க்க வேண்டுமாம். காலையில் புழுதியாக இருந்த பள்ளம் ராத்திரி முழுக்கக் கத்தும். பின்னங்கால் குதிகாலில் மண்வெட்டி போன்ற கெட்டித் தோல் உள்ள தவளைகள் இங்கே உண்டு. பின்புறமாகவே மண்ணைத் தோண்டி இறங்கி, ஈரம் எட்டும் ஆழத்தில் மாதக் கணக்கில் கிடக்கும். மழைச் சத்தம் கேட்டதும் மேலே வரும். முட்டை இட்டாக வேண்டும். முட்டை தலைப்பிரட்டையாகி, தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தாக வேண்டும். எல்லாம் அந்தப் பள்ளம் வற்றுவதற்குள். சில ஆண்டு பள்ளம் ஜெயிக்கும். சில ஆண்டு தவளை.

மறுநாள் லோங்கேவாலா. ராம்கர் வழியாகச் சுமார் 120 கி.மீ. வழியில் தண்ணீர் எதிர்ப்பட்டது, குட்டையல்ல, கால்வாய். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் சேரும் ஹரிகேயிலிருந்து 649 கி.மீ. ஓடி வரும் இந்திரா காந்தி கால்வாயின் கிளை. 1958இல் தொடங்கிய வேலை, 1987இல் ஜெய்சல்மேருக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. குடத்தைத் தலையில் வைத்துப் பல மைல் நடந்த பெண்களைக் கேட்டால் அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். கடுகும் கோதுமையும் விளைகின்றன. கரையில் நாணல். அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, முன்பு இந்தப் பக்கம் தலைகாட்டாத உயிர்களும் உள்ளே வந்தன. விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் நகர வேண்டியிருக்கிறது.

கால்வாய்க்கும் சாலைக்கும் மணல் மூடாமல் இருக்க மரம் நட்டார்கள். 1958இல் இஸ்ரேலிலிருந்து வந்த ஒரு வேலமரம் இன்று மேடு மேடாக நிற்கிறது. பெயரே இஸ்ரேலி பபூல். நம்மூர் சீமைக் கருவேலம் இங்கே விலாயதி பபூல். 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதற்கு அரச மரியாதை கொடுத்து வளர்த்தது. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதன் பின்கதையைச் சொல்ல வேண்டியதில்லை. மணல் நின்றது; சாலை தப்பியது; ஆட்டுக்கு நிழல், அடுப்புக்கு விறகு. தேரைத்தலை ஓணானுக்கோ மணல் அலையாமல் நின்றுவிட்டால் வீடு போனது. அது புதைந்து வாழ உதிரி மணல் வேண்டும். பசுமையாக்கினோம் என்று நாம் கைதட்டும் மேட்டில் அதற்கு இடமில்லை. காலி நிலம் என்றுதான் சூரிய மின் பண்ணைகளும் வருகின்றன. பலோதிப் பக்கம் பட்லாவில் மட்டும் 2,245 மெகாவாட். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும்தான். எங்கே நடுவது, எங்கே விடுவது என்று முடிவெடுக்கும் முன் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பது ஒன்றும் பெரிய செலவில்லை.

போர் நினைவிடத்தில் கூட்டம். உடைந்த டாங்கின் முன் நின்று குடும்பங்கள் படம் எடுத்துக்கொண்டன. அங்கிருந்து தள்ளி, மரம் நடாத ஒரு மேட்டின் அடிவாரத்தில் இறங்கினோம். பத்து மணி. மணல் காலணியைத் தாண்டிச் சுட்டது. அரை மணி நேரம் எறும்பைத் தவிர ஒன்றுமில்லை. "சொன்னேனே சாப்" என்று ஜீப்காரர் திரும்ப ஆரம்பித்தார். அவர் கால் வைத்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் மணல் எழுந்து ஓடியது.

உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். மணல் நிறம், மேலே அங்கங்கே மிளகுப் பொடி தூவியது போல. பத்தடி ஓடி நின்று, தட்டையாகப் பதிந்து, தேரை முகத்தைத் தூக்கி எங்களைப் பார்த்தது. ஜீப்காரர் குனிந்தார். அது உடலை இரு பக்கமும் விறுவிறுவென உதறியது. மணல் சரிந்து மூடிக்கொண்டது. இரண்டே விநாடி. கண்ணெதிரே இருந்தது, கண்ணெதிரே இல்லாமல் போனது. அது அமிழ்ந்த இடத்தைக் காட்ட ஒரு சின்னக் குழிவு. அதையும் காற்று நிரப்பியது.

பிடிக்கவில்லை. அனுமதி இல்லாமல் பிடிக்கவும் கூடாது. நோட்டில் மட்டும் ஊர், தேதி, நேரம் எழுதிக்கொண்டேன்.

ஜீப்காரர் மணலையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபது வருடமாக இந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறார். "இதற்குப் பேர் என்ன?" என்று கேட்டார். அறிவியல் பெயரின் பின்பாதியைச் சொன்னேன்: லவுங்வாலென்சிஸ். இரண்டு முறை சொல்லிப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"லோங்கேவாலாவா? எங்கள் ஊர்ப் பேரா?"

திரும்பும்போது அவர் மேட்டைக் குறுக்கே வெட்டி ஓட்டவில்லை. வந்த தடத்திலேயே ஜீப்பைப் பின்னால் எடுத்துச் சாலைக்குக் கொண்டுவந்தார்.